செவ்வாயில் பிறக்கப்போகும் பிள்ளைகள் குறித்து வியன்னாவுக்கு ஒரு திறந்த மடல்

ஐக்கிய நாடுகள் அவையின் விண்வெளி அமைதிப் பயன்பாட்டுக் குழுவுக்கும், குறிப்பாக வியன்னாவில் கூடும் அதன் சட்டத் துணைக்குழுவின் பிரதிநிதிகளுக்கும்,

வணக்கம்.

செவ்வாயில் இறங்கும் ஒரு கலத்தின் மேல் 3,00,000 பாக்டீரிய வித்துகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக விஞ்ஞானிகள் சேர்ந்து ஒரு நெறிமுறை வகுத்திருக்கிறார்கள். அந்தக் கிரகத்தில் உயிர் இருக்கிறதா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. ஒருவேளை இருந்தால் நம் கிருமி போய் அதைக் கெடுத்துவிடக் கூடாதே என்று இவ்வளவு கவனம். மதிக்க வேண்டிய கவனம்தான். ஆனால் அதே மண்ணில் பிறக்கப்போகும் மனிதக் குழந்தையைப் பற்றி 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையிலோ அதன் பின் வந்த நான்கிலோ ஒரு வரிகூடக் கிடையாது. இருக்குமோ இருக்காதோ என்ற நுண்ணுயிருக்குக் கிடைத்த காவல், பிறந்தே தீரும் என்று சிலர் மேடைதோறும் முழங்கும் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். விண்வெளிச் சட்டம் எனக்குத் துறை அல்ல. பரிணாமம் ஓரளவு தெரியும். செவ்வாயில் குடியேறிய மனிதன் காலப்போக்கில் எப்படி மாறுவான் என்ற பேச்சு வரும்போதெல்லாம் மாணவர்கள் உற்சாகமாவார்கள். உயரமாக, மெலிந்து, பெரிய கண்களோடு, செம்பழுப்புத் தோலோடு ஓர் உருவத்தைப் பலகையில் வரைவார்கள். இப்போது அந்தப் படத்தை நிறுவனங்களும் வரைகின்றன. படத்தில் ஒன்று மட்டும் விடுபட்டுப் போகிறது: அந்த உருவம் வந்துசேரும் வழி.

ஒரு மனிதன் தன் ஆயுளில் பரிணாமம் அடைவதில்லை. குளிருக்குப் போர்த்திக்கொள்வதும் உயரமான இடத்தில் மூச்சு பழகுவதும் உடலின் சமாளிப்புகள். அவை அவனோடு முடிந்துவிடும். ஓர் இனம் மாற வேண்டுமானால் அதில் சிலர் பிள்ளை பெற வேண்டும், சிலர் பெறாமல் போக வேண்டும். சில பிள்ளைகள் பிழைக்க வேண்டும், சில பிழைக்காமல் போக வேண்டும். இயற்கைத் தேர்வு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ‘மனித இனம் செவ்வாய்க்குத் தகவமைந்துகொள்ளும்’ என்று ஒருவர் நம்பிக்கையோடு சொல்லும்போது, அதற்குள் எத்தனை குழந்தைகள் இறப்பார்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் விலங்கியல் படித்தவனின் கடமை. போகிறவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். விலை கொடுப்பவரிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

இது கற்பனைப் பயம் அன்று. ஒருமுறை நடந்து முடிந்த கதை. இன்றைய பொலிவியாவில், கடல்மட்டத்துக்கு 4,000 மீட்டருக்கு மேலே, போத்தோசி என்ற நகரத்தை 1545இல் ஸ்பானியர்கள் வெள்ளிக்காக நிறுவினார்கள். ஆண்டிஸ் மலைமக்கள் அந்த உயரங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பிள்ளை பெற்று வளர்த்துவந்தவர்கள். வந்தேறிகளுக்கு அது முடியவில்லை. ஸ்பானியத் தாய்மார் பேறுகாலத்துக்குக் கீழேயுள்ள பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிப் போனார்கள். போத்தோசியிலேயே பிறந்து பிழைத்த முதல் ஸ்பானியக் குழந்தை 1598ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் பிறந்தது என்று 17ஆம் நூற்றாண்டுத் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நகரம் உண்டாகி 53 ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் அதை ஒரு புனிதரின் அற்புதமாகக் கொண்டாடுகிறார். துறவியின் கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கட்டும். நவீன உடலியலும் அதே திசையைத்தான் காட்டுகிறது. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் பிறப்பு எடை சராசரியாக 100 கிராம் அளவுக்குக் குறைகிறது. கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறுகள் கூடுகின்றன.

திபெத்தியர்கள் இந்தச் சிக்கலைத் தாண்டியவர்கள். டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித வகையிடமிருந்து வந்த ஒரு மரபணு வடிவம் அவர்கள் இரத்தம் தடிக்காமல் காக்கிறது. அறிவியல் கட்டுரைகளில் இதை வியந்து எழுதுவார்கள், நானும் வகுப்பில் வியந்திருக்கிறேன். இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு கூடுதலாக உள்ள திபெத்தியத் தாய்மாரின் குழந்தைகளே அதிகம் பிழைக்கின்றன என்று 2004இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த வாக்கியத்தின் மறுபாதியையும் படியுங்கள்: மற்றத் தாய்மாரின் குழந்தைகள் நம் காலத்திலும் அதிகம் இறந்துகொண்டிருந்தன. பல்லாயிரம் ஆண்டுகளாகியும் தேர்வு முடிந்தபாடில்லை. போத்தோசித் தாய்க்கு இறங்கிப்போக ஒரு பள்ளத்தாக்காவது இருந்தது. செவ்வாயிலிருந்து பூமிக்குப் புறப்பட ஏற்ற நேரம் 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வரும். பயணமே ஆறிலிருந்து ஒன்பது மாதம். எந்தக் கர்ப்பமும் அதற்குக் காத்திருக்காது.

உயரத்தைப் பற்றியாவது நமக்கு அனுபவம் உண்டு. ஈர்ப்பு விசையைப் பற்றி நம் மூதாதையர் யாரிடமும் அனுபவம் கிடையாது. மீன் கரையேறிய காலத்திலிருந்து நம் பரம்பரையில் வந்த ஒவ்வொரு விலங்கும் பூமியின் ஒரே ஈர்ப்பில் வளர்ந்தது. செவ்வாயில் ஈர்ப்பு அதில் 38 விழுக்காடுதான். இதில் கரு எப்படி வளரும், எலும்பு எப்படி முற்றும், உட்காது எப்படிச் சமநிலை கற்கும்? இருக்கிற சான்றுகளை ஒரு தாளில் எழுதிவிடலாம். 1979இல் சோவியத் செயற்கைக்கோள் ஒன்றில் ஆண் எலிகளையும் பெண் எலிகளையும் சேர்த்து அனுப்பினார்கள். எதுவும் குட்டி ஈனவில்லை. 1991இல் விண்வெளியில் வளர்ந்த ஜெல்லிமீன்கள் பூமிக்கு வந்தபின் பலவும் ஒழுங்காக நீந்தத் தடுமாறின. 1994இல் ஜப்பானிய மெடாகா மீன்கள் விண்கலத்திலேயே கூடி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தன. அது நல்ல செய்தி. அதே ஆண்டு விண்ணுக்குப் போய்த் திரும்பிய கர்ப்பிணி எலிகளின் குட்டிகளுக்கு, தண்ணீரில் புரண்டு நிமிரும் திறமை பிந்தி வந்தது, ஆனால் சில நாளில் சரியாகிவிட்டது. 2023இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், சர்வதேச விண்வெளி நிலையத்தில் சுண்டெலிக் கருக்கள் நான்கு நாள் வரை வளர்ந்தன. அவ்வளவுதான். பூமிக்கு வெளியே கருவுற்று வெளியிலேயே பிறந்த பாலூட்டி என்று ஓர் எலிக்குஞ்சுகூட இதுவரை இல்லை.

இதைச் சோதிக்க வழி இல்லாமல் இல்லை. சிறு விலங்குகளைச் சுழற்றிச் செவ்வாயின் ஈர்ப்பையும் நிலவின் ஈர்ப்பையும் உண்டாக்கித் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்க்க, விண்வெளி நிலையத்துக்கென்றே ஜப்பான் ஒரு கூடத்தைக் கட்டியது. 2005இல் நாசா அதைக் கைவிட்டது. செலவு மிச்சம். ஏறக்குறையத் தயாராகியிருந்த அந்தக் கூடம் இப்போது த்சுகுபா விண்வெளி மையத்தில் திறந்தவெளிக் காட்சிப்பொருள். செவ்வாய்க் குடியேற்றத்தைப் பற்றி நம் காலம் எவ்வளவு கருத்தோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான சான்றை நான் பார்க்கவில்லை. ராக்கெட்டுக்குப் பணம் இருக்கிறது, எலிக்கு இல்லை.

சரி, குழந்தை பிறந்து வளர்ந்தும் விட்டது என்றே வைத்துக்கொள்வோம். எடையற்ற நிலையில் விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு வரை அடர்த்தி இழக்கிறது. அதுவும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிற, முழுதாக வளர்ந்த எலும்பில். செவ்வாயில் ஓரளவு எடை உண்டு, ஆகவே இழப்பு அவ்வளவு இராது என்று நம்பலாம். அது நம்பிக்கைதான், அளந்தது இல்லை. அங்கேயே முற்றிய எலும்புக்காரி பூமிக்கு வந்தால் தன் உடலை 2.6 மடங்கு எடையாக உணர்வாள். நம்மில் 60 கிலோ உள்ளவர் ஒரே நாளில் 158 கிலோவாகி எழுந்து நடக்க முயல்வதற்கு ஒப்பு அது. இதயம், முதுகெலும்பு, முழங்கால் எதுவும் அந்தச் சுமைக்குக் கட்டப்பட்டிருக்காது. அவளுக்குத் திரும்பும் உரிமை உண்டு என்று நீங்கள் சட்டம் எழுதலாம். எலும்பு அந்தச் சட்டத்தைப் படிக்காது.

அவள் பிள்ளை பெறும்போது இன்னொன்று தொடங்கும். அடர்த்தி குறைந்த இடுப்பு பிரசவத்தைத் தாங்காது என்று மருத்துவர் அஞ்சுவார், அறுவையே வழக்கமாகும். எல்லாப் பிரசவமும் அறுவை என்றானபின், தலை பெரிதா இடுப்பு குறுகலா என்று இயற்கை பார்த்துவந்த பழைய தணிக்கை நீங்கிவிடும். சில நூறு தலைமுறைகளில் அறுவை இல்லாமல் பிறக்கவே முடியாத ஒரு மக்கள்கூட்டம் உருவாகலாம். இது என் ஊகம். செம்பழுப்புத் தோலைவிட நடக்கக்கூடிய ஊகம் என்பதால் சொல்கிறேன்.

தோல் நிறத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். செவ்வாயின் மேற்பரப்பில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.65 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சு என்று கியூரியாசிட்டி ஊர்தி அளந்தது. பூமியில் நமக்குச் சராசரியாக ஓர் ஆண்டில் கிடைக்கும் இயற்கைக் கதிர்வீச்சை அங்கே நான்கு நாளில் வாங்கிவிடலாம். ஆகவே மண்ணுக்கடியில்தான் வாழ்வார்கள், அங்கே தோலின் நிறம் எதுவானால் என்ன? மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துக் கருநாகப்பள்ளியிலும் மோனசைட் என்ற கதிர்வீசும் தாது கலந்த மணல்மேல் மக்கள் தலைமுறைகளாக வாழவில்லையா என்று இங்கே சிலர் கேட்பதுண்டு. வாழ்கிறார்கள். கருநாகப்பள்ளியில் நீண்டகாலம் ஆராய்ந்தும் புற்றுநோய் கூடுதலாகத் தென்படவில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்த மணல் தருவது பெரும்பாலும் காமாக் கதிர். அண்டவெளியிலிருந்து வரும் கன அயனிகள் வேறு சாதி. ஒன்றைக் காட்டி மற்றொன்றுக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

இதுவரை சொன்னது இயற்கை செய்வது. நிறுவனங்கள் செய்யப்போவது ஒன்று உண்டு, அதை நீங்கள் இன்னும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு சிறு கூட்டம் தனித்துப் போனால், போனவர்களிடம் தற்செயலாக இருந்த மரபணுக்களே பின்வரும் அனைவருக்கும் விதி. பசிபிக்கில் பிங்கலாப் என்ற பவளத் தீவு. 1775ஐ ஒட்டி ஒரு சூறாவளி அடித்து, இருபது பேர் அளவில்தான் மிஞ்சினார்கள். பிழைத்தவர்களில் ஒருவரிடம் ஒரு குறை மறைந்திருந்தது. இன்று அத்தீவினரில் நூற்றுக்கு நான்கு முதல் பத்துப் பேர் வரை நிறமே காணாதவர்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே சிரமப்படுகிறவர்கள். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணந்துகொள்வது இன்னும் வழக்கத்தில் இருக்கும் தமிழ்நாட்டில் மரபணு ஆலோசனைக்கு வரும் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனால் இங்கே வெளியே பெண் எடுக்கலாம் என்று ஒரு வழி திறந்திருக்கிறது. செவ்வாய்க்கு எத்தனை பேர் போதும் என்றால் ஒரு கணக்கு 110 என்கிறது, இன்னொன்று 22 என்கிறது. இவை வேலையும் உணவும் பார்த்துப் போட்ட கணக்குகள். மரபியலைப் பார்த்து, விண்மீன் பயணத்துக்காகக் கணக்கிட்டவர் பத்தாயிரங்களில் பேசினார்.

அந்த முதல் கூட்டத்தை யார் பொறுக்கப்போகிறார்கள்? வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு நிறுவனத்தின் மருத்துவக் குழு. நல்ல எலும்பு, நல்ல இதயம், புற்றுநோய் இல்லாத குடும்பம் என்று அவர்கள் வடிகட்டுவது அந்தப் பணிக்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் அந்தப் பட்டியல்தான் ஒரு மக்களினத்தின் முன்னோர் பட்டியல். வடிகட்டி முடிந்தபின் அடுத்த படி எளிது. 2018இல் சீனாவில் கருவிலேயே மரபணு திருத்தப்பட்ட இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள். அதைச் செய்தவர் சிறைக்குப் போனார். பூமியில் குற்றமானதை, ‘எலும்பு தேயும் இடத்தில் இது மருத்துவம்’ என்று வேறு கிரகத்தில் வாதாடுவது கடினமில்லை. எனக்கே அந்த வாதம் ஓரளவு நியாயமாகப் படுகிறது. அதனால்தான் முன்கூட்டியே பேசச் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் உங்களை அமைதிப்படுத்த முடியும். செவ்வாயில் புதிய மனித இனம் தோன்றி நம்மோடு கலக்க முடியாமல் போய்விடும் என்ற பயத்துக்கு அமர்வு நேரத்தைச் செலவிட வேண்டாம். கடல்மட்டம் உயர்ந்து டாஸ்மேனியா ஆஸ்திரேலியாவிலிருந்து பிரிந்தபின் அங்கிருந்த மக்கள் எட்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் தனித்திருந்தார்கள். அவர்கள் எல்லோரையும் போல மனிதர்களாகவே இருந்தார்கள். அதை ஒப்புக்கொள்ளாதவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள்தாம். நம் பிரச்சினை பத்தாயிரமாவது ஆண்டு அல்ல. முதல் பத்துக் குழந்தைகள்.

அந்த முதல் குழந்தைகளை வைத்து அரசுகள் என்ன செய்யும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1978 ஜனவரியில் அண்டார்ட்டிகாவின் எஸ்பெரான்சா தளத்தில் எமிலியோ பால்மா பிறந்தார். அந்த நிலத்தின் மீதான தன் உரிமைகோரலுக்கு வலுச்சேர்க்க அர்ஜென்டினா அவருடைய தாயைக் கர்ப்பிணியாகவே விமானத்தில் அங்கே அனுப்பியிருந்தது. பின்னர் சிலியும் அதே வழியில் போனது. கொடி நடுவதற்குப் பதில் தொட்டில் கட்டினார்கள். சிலியின் வில்லா லாஸ் எஸ்த்ரெல்லாஸ் குடியிருப்பில் நீண்டகாலம் தங்குவோர், சிறுவர்கள் உட்பட, குடல்வால் நீக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று விதி இருந்தது, அருகில் பெரிய மருத்துவமனை இல்லை என்பதற்காக. இடத்துக்கு ஏற்ப உடலை வெட்டும் வேலை பூமியிலேயே தொடங்கிவிட்டது. உங்கள் 1967 உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு எந்த நாடும் விண்பொருளைச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது. பிள்ளைகளைக் கொண்டு சொந்தம் கொண்டாடினால்?

உடன்படிக்கையில் விண்வெளி வீரர் மனிதகுலத்தின் தூதர். கலமும் அதிலுள்ள பணியாளரும் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். செவ்வாயில் பிறந்த குழந்தை இதில் யார்? தூதராக அனுப்பப்படவும் இல்லை, பணியில் சேரவும் இல்லை. இதற்கிடையில் ஒரு பெரும் நிறுவனத்தின் இணையச் சேவை ஒப்பந்தத்தில், செவ்வாயில் பூமியின் எந்த அரசுக்கும் அதிகாரம் இல்லை என்ற வரி 2020லேயே நுழைந்துவிட்டது. நகைக்கத் தோன்றும். தமிழ் படிப்பவர்கள் பலரால் நகைக்க முடியாது. இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு எங்கள் மக்களைக் கூலிகளாகக் கொண்டுபோன கம்பெனிகளும் பிறக்கப்போகும் பிள்ளை எந்த நாட்டவர் என்று யோசிக்கவில்லை. 1948இல் அந்தப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். கேட்டுப் பிரிக்கவில்லை. முழுதாகத் தீர 2003 வரை ஆயிற்று. பாக்கு நீரிணைக்கு இரு கரையிலும் இவ்வளவு என்றால், கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னை மறுப்பவர்களின் வலுவான கேள்வி எனக்குத் தெரியும். பிள்ளை பெறுவது தனிமனிதர் உரிமை, அதில் தலையிட ஐ.நா. யார்? உண்மைதான். செவ்வாயில் கர்ப்பமாவதைக் குற்றமாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கட்டாயக் கருத்தடையும் கட்டாயக் கலைப்பும் நான் அஞ்சும் எதையும்விடக் கொடியவை. கடமை அனுப்புகிறவர் தலையில் இருக்க வேண்டும், அந்தத் தாயின் தலையில் அல்ல. தனியார் செயல்களுக்கு அரசே பொறுப்பு என்று உங்கள் ஆறாம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதை வைத்தே இதைச் செய்யலாம். ஆராய்ச்சித் தளங்கள் போகட்டும், முறைவைத்துத் திரும்பட்டும். அதற்கு நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். ‘நிரந்தரக் குடியேற்றம்’ என்று பெயர் வைத்து ஆட்களை அனுப்ப எந்த அரசும் உரிமம் கொடுக்கும் முன், செவ்வாய் ஈர்ப்பில் பாலூட்டிகள் பல தலைமுறை ஈன்று வளர்ந்த முடிவுகள் எல்லோரும் படிக்கும்படி வெளியாகியிருக்க வேண்டும். பிள்ளைகள் பூமியின் எடைக்கு அருகில் எலும்பு முற்றுவதற்கான சுழல் கூடங்கள் குடியிருப்பின் திட்டத்திலேயே இருக்க வேண்டும். திரும்பும் உரிமைக்கு உடல்வழி அதுதான். போகிறவர்களை மரபணு பார்த்து வடிகட்டும் விதிகள் நிறுவனத்தின் இரகசியக் கோப்பில் இருக்கக் கூடாது. பிறக்கும் குழந்தைக்கு முதல் மூச்சிலேயே பூமியில் ஒரு குடியுரிமை வேண்டும், அது தாய்தந்தையர் நாட்டு அரசியலைப் பொறுத்து மறுக்கப்படாமல்.

1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இங்கே நீட்டித்தால் போதாதா என்று கேட்கலாம். பாதி போதும். ஆனால் அதை இன்னும் ஏற்புறுதி செய்யாத நாடு அமெரிக்கா. செவ்வாய்க்கு ஆள் அனுப்பப்போவதாக உரக்கச் சொல்லும் ராக்கெட்டுகள் எழும்புவதும் அங்கிருந்துதான்.

இந்தியப் பிரதிநிதிகளுக்குத் தனியாக ஒரு சொல். இந்தக் குழுவின் தலைமைப் பொறுப்பில் இஸ்ரோவின் முன்னாள் தலைவர் யு.ஆர். ராவ் இருந்திருக்கிறார். ஆள் அனுப்பும் போட்டியில் இந்தியா இன்னும் முன்னணிக்கு வரவில்லை, அதனால் இந்தப் பேச்சைத் தொடங்க நமக்குச் சங்கடம் குறைவு. சட்டத் துணைக்குழுவின் அடுத்த அமர்வில், பூமிக்கு வெளியே பிறக்கும் குழந்தைகளின் நிலை என்று ஒரு தனித் தலைப்பை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க முன்மொழியுங்கள். ஒத்த கருத்து இல்லாமல் எதுவும் நகராத அவை அது என்பது தெரியும். முதல் ஆண்டில் ஒத்திவைப்பார்கள். அடுத்த ஆண்டும் முன்மொழியுங்கள். கூடவே, த்சுகுபாவில் நிற்கும் அந்தக் கூடத்துக்கு நிகரான ஒன்றை, இந்தியா கட்டத் திட்டமிட்டிருக்கும் விண்வெளி நிலையத்தில் சேர்க்க முடியுமா என்று நம் விண்வெளித் துறையைக் கேட்டு, பதிலைப் பொதுவில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்